தெற்கு மாட வீதியில் திரும்பிப் பார்ப்பவள்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பத்தடி நடப்பதற்குள் என் மனைவி மீனா மறுபடியும் நின்றுவிடுகிறாள். பின்னால் யாரோ தமிழில் பேசுகிறார்கள். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். காலையிலிருந்து இதே வேலைதான்.

மலேசியாவில் நாங்கள் குடியிருக்கும் கோத்தபாருவில் தமிழர்கள் சில குடும்பங்கள்தான். அங்கே கடைத்தெருவில் தமிழ் காதில் விழுந்தால் பேசுவது தெரிந்தவராகத்தான் இருக்கும். திரும்பாமல் போனால் மரியாதையில்லை. இங்கே கத்தரிக்காய் பேரம், ஆட்டோக்காரரின் ஏச்சு, எஸ்.டி.டி. பூத்தில் ஒருவர் போடும் கூச்சல், எல்லாமே தமிழ். இப்படி நின்று நின்று போனால் கோயில் நடை சாத்திவிடுவார்களே என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் என் தலையும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓரமாக உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா மீனாவைக் கேட்கிறார்.

"இன்னாம்மா, போறவங்க வர்றவங்க எல்லாரயும் பாத்து சிரிச்சிக்கினே கீறியே. தெரிஞ்சவங்களா?"

"இல்லக்கா. தமிழ் பேசுறாங்க, அதான்."

அவருக்குப் புரியவில்லை. நான் எங்கள் ஊரைச் சொல்கிறேன். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக வந்திருப்பதையும் சொல்கிறேன். அவர் எழுந்து மல்லிகையைத் தன் கையாலேயே மீனாவின் தலையில் வைத்துவிட்டு, வீதியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"தோ பாருங்கப்பா, மலேசியாலேர்ந்து வந்துகீறாங்க. இன்னிக்கு இவங்களுக்குக் கல்யாண நாளு."

காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், பூத்தில் போனைக் காதில் வைத்திருப்பவர், எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் மீனா என்னைப் பார்க்கிறாள்.