கயிறு பிடித்துப் படித்த வகுப்பு

நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை இன்று ஒரு கடை வாசலில் மூக்கில் ஏறியதும், தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த எங்கள் ஓலைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ஒரு சரக்குக் கிட்டங்கி நிற்கிறது.

ஜெயமணி டீச்சர், ‘ஆனா, ஆவன்னா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லாமல், ஓசைகளைக் கோத்து வாசிக்க வைப்பவர். இன்று இதைப் ‘போனிக்ஸ்’ என்கிறார்கள். எங்களுக்கு அது கயிறு. உட்கார்ந்து படித்தால் நாங்கள் தூங்கிவிடுவதால், மேசைக்காலில் ஒரு கயிற்றைக் கட்டி எங்களிடம் கொடுத்திருந்தார். பலகையில் இருக்கும் ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு சின்ன இழுப்பு, சொல்லாகச் சேர்ந்ததும் பெரிய இழுப்பு. நகர்ந்துபோன மேசையை மாலையில் அவரே பழைய இடத்துக்குத் தள்ளிவைப்பார். கரைவலை இழுப்பதைக் கண்டால் வழியில் போகிறவரும் கைகொடுப்பது எங்கள் கரையின் வழக்கம் என்பதால், பள்ளிக்கூடமே கண்டிராத சூசை மாமா, வாசல்வரை நீண்ட கயிற்று நுனியைத் தினமும் பிடித்து எங்களோடு கத்தி இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இந்தக் கூத்தை நிறுத்தப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து, அந்த மேசையில் தொப்பியைக் கழற்றி வைத்துக் கையூன்றி உட்கார்ந்தார். ‘படகு’ என்று நாங்கள் இழுத்த பெரிய இழுப்பில், மேசை அவருடைய தொப்பியோடு வாசலுக்குப் போய்விட்டது. கோபத்தில் எழுந்தவர் தானே பலகையில் ஒரு சொல்லை எழுதினார்.

“ஒரு ஆளாவது இத வாசிச்சாத்தான் இனிமே இங்க கயிறு இருக்கும்.”

பயத்தில் நாங்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தோம். டீச்சர் முந்தானையைக் கசக்கினார். வாசலில் இன்னும் கயிற்றை விடாமல் நின்ற சூசை மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

“மே... சை... மேசை! அது இங்கன எங்கிட்ட வந்துட்டுல்லா, அய்யா!”