அறிவியல் பஸ் ஓட்டியவர்

அப்பா ஓட்டிய பஸ்ஸில் உட்கார இடம் கிடையாது. கல்வித்துறையின் பழைய பஸ் அது. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கமும் மேசைகளைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். கூரையிலிருந்து ஒரு இரும்புக் குண்டு நீளக் கம்பியில் தொங்கி ஆடும். வெளிச்சம் நன்றாக விழுமென்று நுண்ணோக்கியைப் பின் ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறினால் அது கைகாலை உதறி ஆட்டம் போடும். அதனால் புறப்படுவதற்கு முன் அப்பா தன் பழைய துண்டை அதன் இடுப்பில் சுற்றிக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார். டீசல் வாடையும் ஸ்பிரிட் வாடையும் கலந்த ஒரு மணம் அந்த பஸ்ஸுக்கு உண்டு. இப்போதும் ஏதாவது ஆஸ்பத்திரி வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றால், ஒரு கணம் நான் சின்னப் பெண்ணாகிவிடுகிறேன்.

எல்லோரும் அதை ‘அறிவியல் பஸ்’ என்றார்கள். தொழிற்சாலை வாசல், சந்தை முனை, குடியிருப்பு மைதானம் என்று ஜனங்கள் கூடும் இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. இந்த பஸ் பெரியவர்களுக்கானது. பெற்றவர்களுக்கு அறிவியல் பிடித்துப்போனால் பிள்ளைகளை அதட்டாமல் படிக்கவிடுவார்கள் என்று மேலே யாருக்கோ தோன்றியிருந்தது.

அந்த பஸ்ஸுக்கு அப்பா டிரைவராகப் போனதே ஒரு வேடிக்கை. அவர் பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதி, மறுபடியும் தோற்று, படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். “கணக்கும் நானும் பேசிக்கிறதில்ல” என்பார் சிரித்துக்கொண்டே. கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான்.

பஸ்ஸில் விளக்கம் சொல்ல ஒரு பெண் இருந்தார். இயற்பியலில் பெரிய படிப்பு படித்துவிட்டு நேராக இந்த வேலைக்கு வந்தவர். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை என்றாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே பஸ் முழுக்கத் தேடுவார். நல்ல மனசு. ஆனால் வாயைத் திறந்தால் புத்தகம் பேசியது.

ஜனங்கள் முன் வாசலில் ஏறுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு டீச்சர் சொல்வதைக் கேட்பார்கள். “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று அவர் கேட்டதும் ஆண்கள் செருப்பைப் பார்ப்பார்கள், பெண்கள் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். பின் வாசல் வழியாக இறங்கிப் போய்விடுவார்கள். இறங்கிய பிறகுதான் வாய் திறக்கும். அந்த நுண்ணோக்கிக் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தால் பார்வை போய்விடுமாமே, அந்த எலும்புக்கூடு நிஜ ஆளுடையதா, பூமி உருண்டையென்றால் அடிப்பக்கம் இருப்பவர்கள் விழமாட்டார்களா என்று பஸ்ஸின் நிழலில் நின்று தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் காதில் எல்லாம் விழும். உள்ளே டீச்சர் சுவரோடு பேசிக் களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர், வேலையை விட்டுவிடலாமென்று பார்ப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. எஞ்சின் சத்தம் சரியில்லை என்று பேச்சை மாற்றத்தான் தெரியும்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு தையல் தொழிற்சாலை வாசலில் பஸ் நின்றது. அன்று நானும் போயிருந்தேன். வேலை முடிந்து வந்த பெண்கள், தலையிலும் தோளிலும் நூல் பிசிறு ஒட்டியிருக்க, கூட்டமாக ஏறினார்கள். டீச்சர் குண்டை ஆடவிட்டு, பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்வதைப் பற்றிச் சொன்னார். சந்தேகம் இருக்கிறதா என்றார். வழக்கம்போல மௌனம். அப்போது டிரைவர் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

“டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பூமிதான் இவ்வளவு வேகமா சுத்துதே, அப்புறம் நான் எதுக்கு டீசல் போட்டு வண்டி ஓட்டணும்? மேல எழும்பி கொஞ்ச நேரம் அப்படியே நின்னா, போக வேண்டிய ஊர் தானா காலடிக்கு வந்துடாதா?”

பஸ்ஸே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். இதற்குப் புத்தக பதில் போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பாவை வண்டியை மெல்ல நகர்த்தச் சொன்னார். பஸ் சீராக உருண்டபோது ஒரு நூல்கண்டை மேலே வீசினார். அது பின்னால் போய் விழவில்லை; அவர் கையிலேயே வந்து விழுந்தது. பஸ்ஸோடு சேர்ந்து கண்டும் போய்க்கொண்டிருக்கிறது, பூமியோடு சேர்ந்து நாமும் அப்படித்தான் என்றார். ஒரு பெண் அந்தக் கண்டை வாங்கித் தானும் வீசிப் பார்த்தாள். பிறகு, “அப்ப திடீர்னு பிரேக் போட்டா?” என்றாள். இன்னொருத்தி, பூமி பிரேக் போட்டால் என்ன ஆகும் என்றாள். அன்று அந்தக் கூட்டம் பின் வாசலில் இறங்கவே இல்லை. அடுத்த கூட்டம் கீழே நின்று கத்தியது.

அப்பா அன்று நடித்தார் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாராம். திரும்பி வரும்போது நன்றி சொல்லியிருக்கிறார். அப்பா புரியாமல் விழித்திருக்கிறார். பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவர் மனதில் கிடந்த சந்தேகம் அது. நூலிழையில் இருந்தது டீச்சரின் வேலை; அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான், மானம் போனால் போகட்டும் என்று கேட்டிருக்கிறார்.

அதன் பிறகு அது வழக்கமாயிற்று. வண்டியை நிறுத்தியதும் அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவார். மௌனம் விழுகிற நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். கேட்கிற கேள்வி பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். ஒருத்தர் அசடு வழிந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போகும். அப்பாவை ‘சந்தேக டிரைவர்’ என்று அலுவலகத்தில் கூப்பிடத் தொடங்கினார்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் வந்தது. தெரிந்ததைத் தெரியாதது போலக் கேட்கமாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். ஜனங்களை ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடுமாம். டீச்சரோ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறார். போகப் போக அப்பாவின் அறியாமை தீர ஆரம்பித்தது. வானம் ஏன் நீலம், குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வெளியே ஏன் வியர்க்கிறது எல்லாம் தெரிந்துபோயிற்று. புதுச் சந்தேகத்துக்கு எங்கே போவது? என் பள்ளிப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டார். நான் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் புத்தகம் இருக்காது. “அப்பாவுக்குப் பரீட்சை வருதாம், சத்தம் போடாதே” என்று அம்மா கேலி செய்வாள். சில நாள் முகம் மலர்ந்து எழுந்திருப்பார். “இது சுத்தமா புரியல” என்பார், புதையல் கிடைத்தவர் போல.

கணக்கு மேசைப் பக்கம் மட்டும் போகமாட்டார். மரக் கட்டங்கள், வட்டத் தகடுகள், அளக்கும் கயிறு என்று பஸ்ஸின் ஒரு மூலையில் அந்த மேசை இருந்தது. யாரும் அங்கே நிற்கமாட்டார்கள். கையை ஆட்டிச் சிரித்துவிட்டு, எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார்கள். எங்கள் பரம்பரைக்கே வராது என்று ஒருவர் பெருமையோடு சொன்னார்.

அன்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் அப்பாவிடம் சொன்னார்: “எழுதப் படிக்கத் தெரியாதுன்னா ஜனங்க தலைய குனிஞ்சுக்கிறாங்க. கணக்கு வராதுன்னு மட்டும் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. ஏன் டிரைவர்?”

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் வாயிலிருந்து, கணக்கும் நானும் பேசிக்கொள்வதில்லை என்ற அந்தப் பேச்சை நான் கேட்டதே இல்லை.

கொஞ்ச நாளில் கணக்கு மேசை முன்னாலேயே ஒரு கேள்வியோடு போய் நின்றார். அதுதான் வினையாயிற்று. துறைக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். விறைப்பான மனிதர், சட்டை மடிப்புக் கலையாதவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் பஸ்ஸைப் பார்வையிட வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாது.

“டீச்சர், வட்டம் பெருசோ சின்னதோ, சுத்தளவு குறுக்களவுல மூணு மடங்கும் கொஞ்சமும்னு சொல்றீங்க. அந்தக் கொஞ்சம் ஏன் எல்லா வட்டத்துக்கும் ஒண்ணாவே இருக்கு? யார் போய்ப் பார்த்தது?”

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை; முன்னால் வந்து அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். சீருடை இல்லாமல், வேலை நேரத்தில், துறையின் ஊழியரே துறையைக் கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார். டீச்சர் அலுவலகத்துக்குப் போய் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். கல்வித்துறை டிரைவர் பொது இடத்தில் தன் அறியாமையைக் காட்டிக்கொண்டால் துறைக்கு என்ன மரியாதை என்று அதிகாரி கேட்டாராம். அடுத்த வாரம் அப்பாவை அதிகாரியின் காருக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த நாட்களில் வீடு களையிழந்து கிடந்தது. அப்பா என் புத்தகங்களைத் தொடவில்லை. கட்டம் போட்ட சட்டை கொடியிலேயே தொங்கியது. அம்மா கேலி செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தவித்தாள்.

பஸ்ஸில் டீச்சர் ஒரு மாற்று ஏற்பாடு செய்து பார்த்தார். அலுவலகப் பியூனிடம் கேள்வியைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டத்தில் நிறுத்தினார். அவர் அதை நாடக வசனம் போல ஒப்பித்தார். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது போலத் தலையையும் ஆட்டினார். ஜனங்களுக்கு வாடை தெரிந்துவிட்டது. மறுபடி செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் தையல் தொழிற்சாலை வாசலில் வேறு மாதிரி நடந்தது. அப்பாவைக் காணாமல் அந்தப் பெண்கள், “அந்த மக்குக் கேள்வி கேக்கிற அண்ணன் எங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் உச்சுக்கொட்டிவிட்டு, அவர் பங்குக்கும் சேர்த்துத் தாங்களே கேட்டார்களாம். டீச்சர் இதைச் சொல்லவென்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, டீ ஆறுகிறது என்று அவருக்குச் சொன்னார். அப்பா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். டீச்சர் பார்க்காதது போல இருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, அதிகாரியை அழைத்துக்கொண்டு வரும்போது சாலையில் மரம் விழுந்து கார் நின்றுவிட்டது. அப்பா எஞ்சினை அணைத்தார். பிறகு பின் இருக்கையிலிருந்து அதிகாரி கேட்டார்:

“டிரைவர், அன்னைக்கு வட்டத்தைப் பத்திக் கேட்டீங்களே, டீச்சர் என்ன பதில் சொன்னாங்க?”

அவர் வந்து நிறுத்திவிட்டதால் பதிலே வரவில்லை என்று அப்பா சொன்னார். அதிகாரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கும் தெரியாது என்றார். பள்ளியில் ஒருமுறை அதே மாதிரி எழுந்து கேட்டதாகவும், வாத்தியார் பெஞ்சு மேல் நிற்கவைத்ததாகவும், அதற்குப் பிறகு மனப்பாடம் பண்ணியே மேலே வந்துவிட்டதாகவும் சொன்னார். அப்பா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தோன்றியதாம்.

காரணம் ஒன்றும் எழுதாமல் அப்பாவை மறுபடி பஸ்ஸுக்கே அனுப்பினார்கள். முதல் நாள் ஏறியதும் டீச்சர் அவரைக் கணக்கு மேசைக்குக் கூட்டிப்போனார். வட்டத்தைப் பெரிதாக்கினால் சுற்றும் குறுக்கும் சேர்ந்தேதான் வளரும், ஒரே படத்தைப் பெரிதாக அச்சடிப்பது போல, அதனால்தான் அந்த மடங்கு மாறுவதில்லை என்று தகடுகளை வைத்துக் காட்டினார். அப்பா தகடுகளை ஒவ்வொன்றாகக் கயிற்றால் அளந்தார். ரொம்ப நேரம் அளந்தார். கூட்டம் காத்திருந்தது.

பிறகு பல வருஷம் அந்த பஸ் ஓடியது. கைக்குள் கைபேசி வந்த பிறகு கூட்டம் குறைந்தது, எஞ்சினும் தளர்ந்தது. டீச்சர் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டார். பஸ்ஸை ஏலத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அப்பாதான். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்தார். நான் அறிவியலும் படிக்கவில்லை, கணக்கும் படிக்கவில்லை. வரலாறு படித்து வானொலியில் வேலை பார்க்கிறேன். அதில் அவருக்கு வருத்தமில்லை. என் கல்லூரிப் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டுபோய்ப் படித்தார்.

இப்போது அவரும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள். போன வாரம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இருவரும் வெகுநேரம் வரவில்லை. நான் மேலே போனேன். அப்பா ஒரு போர்வையின் நுனியைக் கையில் பிடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணி ஆவியாகணும்னா கொதிக்கணும்ல? இங்க எதுவும் கொதிக்கலையே. ஈரம் எப்படிப் போச்சு?”

அம்மா கிளிப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“போனது போகட்டும். அந்தப் பக்கத்து நுனிய பிடிங்க, மடிக்கலாம்.”