மணல் தொட்டியின் பசி

ரத்தினசாமிக்கு அழுக்கு என்றாலே ஆகாது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர். மண்டி மொஹல்லாவுக்கு அப்பால் இருந்த ஒரு நூல் ஆலையில் வேலை. தொழிலாளர் குடியிருப்புக்குக் குடிதண்ணீர் வடிகட்டும் இரண்டு மணல் தொட்டிகள் அவர் பொறுப்பு. கால்வாய்த் தண்ணீர் மணல் வழியே மெல்ல இறங்கி, அடியில் உள்ள குழாயில் தெளிந்து வரும். நாளாக ஆக மணல்மேல் வழுவழுவென்று பாசி படியும். அதைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும்.

பாசி தடித்துத் தண்ணீர் இறங்குவது குறைந்தால், ஒரு சமயத்தில் ஒரு தொட்டியைத்தான் சுரண்ட வேண்டும். அதில் மறுபடி பாசி பிடிக்கும்வரை அதன் தண்ணீரைச் சாக்கடைக்கு விட வேண்டும். இது எஞ்சினியர் யக்ஞநாராயணனின் உத்தரவு. ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் குறைந்தா போய்விடுவார்? படித்தவர்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான்.

மகாராஜா காலத்தில் ஒரு தசரா. எஞ்சினியர் பெங்களூர் போயிருந்தார். ஆயுத பூசைக்காக ஆலையில் ஒவ்வொருவனும் தன் இயந்திரத்தைத் தேய்த்துத் துடைத்துக் குங்குமம் வைத்தான். ஊரே பளபளக்கும்போது தன் தொட்டி மட்டும் சேறாகக் கிடப்பதா? ரத்தினசாமி இரண்டையும் ஒரேயடியாகச் சுரண்டினார். வால்வுச் சக்கரத்துக்குச் சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, குடியிருப்புக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு நம் வீட்டு அரிவாள்மனையைக் கழுவாமல் விடுவோமா?

விஜயதசமி முடிந்து வந்த எஞ்சினியர் வெள்ளை மணலைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"ரெண்டையும் யார் சுரண்டச் சொன்னா?"

"பூசைக்குத்தானுங்க சாமி. தண்ணி முன்னைவிடத் தெளிவா வருதுங்க."

"தெளிவா வந்தா நல்ல தண்ணியா? கால்வாய் வர்ற வழியில இருக்கிற ஊர்ல காலராடா! அந்தப் பாசி அழுக்கில்லே, அத்தனையும் உசிரு. மேல இருக்கிற பச்சைப் பாசி வெயில்ல பிழைக்கும். மணலுக்குள்ளே இருட்டுல இருக்கிற உசிருக்கு வெயில் ஏது? தண்ணியில வர அழுகலையும் நோய்க்கிருமியையும் பிடிச்சுத் தின்னுதான் அது பிழைக்கிறது. அதையெல்லாம் வழிச்சுக் கொட்டிட்டியே!"

ரத்தினசாமி பாய்ந்துபோய் வால்வை மூடினார். மூடிய கையோடு குடியிருப்புக்கு ஓடினார்.

"தண்ணியக் கொட்டிருங்க! காய்ச்சாமக் குடிக்காதீங்க!"

பண்டிகைக் குஷியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதல் வீட்டு மாரக்காள் தன் குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். "இத்தனை தெளிவா என்னைக்கு வந்துச்சு? இதையப் போயிக் கொட்டச் சொல்றியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

அவர் குடத்தைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தார். அவள் ஏசிய ஏச்சு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று கவிழ்த்துக்கொண்டே போனார்.

கடைசி வீடு அவருடையது. வாசலில் மனைவி மல்லம்மா, மடியில் மகள் மாதேவி. குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன.

"காத்தால இருந்து வயித்தால போகுதுங்க. தண்ணி தண்ணின்னு அழுவறா. நல்ல தண்ணியாச்சேன்னு குடுத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் கையில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தோளில் மாதேவி துணி மாதிரி தொங்கினாள். "நாந்தான் மல்லம்மா, நாந்தான்," என்று வழியெல்லாம் புலம்பினார். பின்னால் ஓடிவந்த மல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தொட்டிகளைச் சுரண்டியதைச் சொல்லிப் புரிந்தபோது, அவள் அவரைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அந்த இடைவெளி அவரைக் கொன்றது.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். குடியிருப்பில் அந்தத் தண்ணீரை முன்னமே குடித்த இன்னும் சிலர் படுத்து எழுந்தார்கள். குடங்களைக் கவிழ்த்த பிறகு வேறு யாரும் படுக்கவில்லை. மாரக்காள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மறு வருஷம் ஆயுத பூசைக்கு ஆலை முழுக்கப் பளபளத்தது. இரண்டு தொட்டிகள் மட்டும் பாசியோடு கிடந்தன. ஆலையில் பூசைப் பொரி வாங்க வந்த மாரக்காள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க ஆயுதம் மட்டும் இப்படிக் கெடக்குது?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்குதுங்க அக்கா. பந்தியில உக்காந்தவங்களை எந்திரின்னு சொல்லலாமுங்களா?"

மாதேவி ஓடிவந்து தொட்டியின் குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை ரத்தினசாமி மூச்சு விடாமல் நின்றார்.