செத்த காக்காயும் என் வீட்டுக்காரரின் காய்ச்சலும்

மலைமேல் எங்கள் வாழவந்திப் பக்கம் களத்தில் ராகி காயும்போது செத்த காக்காய் ஒன்று கிடைத்தால் விடமாட்டோம். மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவோம். மற்ற காக்காய்கள் அதைப் பார்த்து ஒரு பாட்டம் கத்திவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டாது. போன வருஷம் மழை விட்டதும் எங்கள் பலா மரத்தடியில் காக்காய்கள் தானாகவே செத்து விழுந்தன. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். வெறுங்கையால் எடுத்துக் கட்டினார்.

அந்த வாரமே காய்ச்சலில் படுத்துவிட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. போனில் யாரோ அனுப்பிய சேதி எனக்கு நினைவு வந்தது. பறவைகளைக் கொல்லும் காய்ச்சல் ஒன்று மனுஷருக்கும் வருகிறதாம், கழுத்து விறைத்தால் மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தமாம்.

"ஏனுங்க, கொஞ்சம் தலையக் குனிங்க" என்றேன்.

"முடியல புள்ள, கழுத்து புடிச்சுக்கிச்சு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜீப் பிடித்துக் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினோம். வழி நெடுக அவரை வைதுகொண்டே வந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. காக்காய்க் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"தொட்டதால வந்திருக்காதுங்கக்கா. அந்தக் காய்ச்சல பறவைகிட்ட இருந்து மனுசனுக்குக் கொண்டாறது கொசுதானுங்க. வந்தாலும் நொம்பப் பேருக்குத் தானாச் சரியாயிரும். மூளைக்கு ஏறுச்சான்னு மட்டும் பாத்துக்கலாமுங்க."

அவர் தலையைத் தாங்கி மெதுவாக முன்னால் வளைத்தார். முகம் சுளித்தாலும் தாடை நெஞ்சைத் தொட்டது. விறைப்பு இல்லையாம், ராகி மூட்டை தூக்கியதில் வந்த பிடிப்பாம்.

ரத்தத்தில் அந்தக் கிருமி இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் எனக்குப் போன உயிர் அன்றைக்கே திரும்பிவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதுங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நான் அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"தெரியாம என்னங்க? கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என்னையப் பேசவே உடாதவ. இப்பவும் பாருங்க, நீங்க என்னையக் கேக்கறீங்க, அவ வாயத் தொறக்கறா."

திறந்துதான் இருந்தேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.