நீலச் சட்டை அணிந்திருந்தார்

போன வாரமும் அந்தப் படம் வந்தது. மனைவி வழிச் சொந்தக்காரர் ஒருவர் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தார். மேலே சிவப்புப் பட்டையில் ‘காணவில்லை’. கீழே ஒரு கல்லூரிப் பையன், கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறான். வயது இருபது, உயரம் ஐந்தடி ஆறு, மாநிறம். கடைசியாகக் காணப்பட்ட இடம் மாமல்லபுரம் கடற்கரை. நீலச் சட்டை அணிந்திருந்தார். அடியில் ஒரு தொடர்பு எண். அது என் எண். அந்த எழுத்து நான் தேர்ந்தெடுத்தது, அந்தச் சிவப்பு நான் கலந்தது. இருந்தும் அதை இரண்டு முறை படித்தேன்.

திருப்போரூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பின்னணியில் போட என்னிடம் ஒரே மேகம்தான். நிறத்தை மட்டும் மாற்றுவேன். கடைக்கு எதிரே மீன் விற்கும் அக்கா, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து கூடையோடு காலைப் பேருந்தில் வருவார். அவர் மகன் செங்கல்பட்டுப் பக்கம் கல்லூரியில் மூன்றாம் வருடம், அங்கேயே நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். நன்றாகப் பாடுவான். நான்கு நண்பர்களோடு ஒரு பேண்ட் வைத்திருந்தான். இன்ஸ்டாவில் அவர்களைப் பின்தொடர்ந்த கூட்டத்தில் பாதி அவர்களுடைய அத்தைகள். ஒருநாள் அக்கா கையைக் கழுவிக்கொண்டு கடைப்படி ஏறினார். “இன்னா நைனா, ஊர்ல பொறந்தவன் செத்தவன் அத்தினி பேரையும் நீதான் போர்டுல போட்ற. எம்புள்ளய அந்த செல்லுல போடேன். ஞாயித்துக்கெயம கடக்கரையில பாடப் போறானுங்களாம். நாலு பேரு வந்து பாக்கட்டும்.”

அதுவரை செல்லில் நான் விளம்பரம் செய்ததில்லை. மூன்று வீடியோ பார்த்தேன், நிபுணனாகிவிட்டேன். முதல் காரியமாகக் காசு கட்டி, மாமல்லபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கெல்லாம் விளம்பரம் போகும்படி செய்தேன். மறுநாள் பார்த்தால் வட்டத்தில் பாதி வங்காள விரிகுடா. மீன்களுக்கு விளம்பரம் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சிரித்த வேகத்தில்தான் அடுத்த யோசனை வந்தது. எப்போதோ உண்மையாகவே ஒருவர் காணாமல் போனபோது அடித்துக் கொடுத்த அறிவிப்பு என் கணினியில் கிடந்தது. அதில் பாடுகிற பையனின் படத்தைப் போட்டேன். விரலால் தள்ளினால் இரண்டாவது படம் வரும். ‘இவரைக் கண்டுபிடிக்க ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்கு வாருங்கள்’ என்று அதில் இருந்தது. ஞாயிறு வரை போனை அணைத்து வைக்கும்படி பையனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “அம்மாக்கு மட்டும் சொல்லிட்லாமா அண்ணாத்த?” நான் சொன்னேன், “சொல்லிட்டா சஸ்பென்ஸ் பூடும்டா.” என் வாழ்க்கையில் நான் பேசிய எல்லா அசட்டுப் பேச்சையும் வரிசையில் நிற்க வைத்தால், அந்த வாக்கியம்தான் முன்னால் வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை மாலை போட்டேன். சனிக்கிழமை காலை கடையைத் திறக்கும்போது அது ஊரெல்லாம் போயிருந்தது. ஆனால் யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. முதல் படத்தை மட்டும் பிடித்துக் குழுவுக்குக் குழு அனுப்பியிருந்தார்கள். அது எனக்கு உடனே தெரியவில்லை. போன் அடித்தது. “பையன் கெட்ச்சானா சார்?” என்றது ஓர் ஆண்குரல். வேடிக்கை பார்க்கிற யாரோ என்று நினைத்து, தொண்டையைக் கனைத்து, இழவு வீட்டுக் குரலில் சொன்னேன்: “இன்னும் இல்லீங்க. தேடிக்கினுதான் கீறோம்.” வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். பேசியவர் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்.

அக்காவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் கருவாடு விற்கிற அம்மாவிடம் கேட்டேன். “அது எப்பிடி வரும்? அது புள்ளய காணமாம். கடல்ல பூட்டான்னு சொல்லிக்கிறாங்கோ. போட்டெல்லாம் தேடப் போய்க்கீது.” பையனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, நான் சொன்னபடியே. டிரம்ஸ் அடிக்கிற பையனைக் கூப்பிட்டேன். “ரூம்லருந்து ஆறு மணிக்கே கெளம்பிட்டாண்ணா. நீங்கதான் எங்கயோ ஒளிச்சி வெச்சிகினு கீறீங்கன்னு நெனச்சேன்.” பைக்கை எடுத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வரை என் அறிவிப்பின் வரிகளே மண்டைக்குள் ஓடின. கடைசியாகக் காணப்பட்ட இடம் என்று நான் சும்மா, அழகுக்கு எழுதினேன். பையன் நிஜமாகவே அங்கே போயிருந்தால்? விடுமுறை நாளில் கால் நனைக்க இறங்கிய பிள்ளைகளை அலை இழுத்துப்போன செய்தி எத்தனை படித்திருக்கிறேன். எழுதி வைத்தது நடந்துவிடுமோ என்று, நாற்பத்தெட்டு வயதில், கைக்குழந்தைக்குத் தகப்பன்போல் பயந்தேன்.

கடலில் ஒருவர் போய்விட்டார் என்றால் அந்தக் குப்பத்தில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அன்றைக்கு வலை வீசமாட்டார்கள். ஆறு ஃபைபர் படகுகள் போயிருந்தன. பையனின் அப்பாதான் முதலில் படகைத் தள்ளியிருக்கிறார், செல்லை வீட்டிலேயே போட்டுவிட்டு. மற்றவர்கள் செல்லுக்கும் அந்தத் தூரத்தில் சிக்னல் இல்லை. காற்று அதற்குள் திரும்பியிருந்தது. கரையில் பெண்கள் கூட்டமாக நிற்க, அக்கா மட்டும் தனியாக, தண்ணீர் காலைத் தொடும் இடத்தில் நின்றார். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு, விளம்பரம், இரண்டாவது படம். அவர் கேட்டு முடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“செரி. அப்ப எம்புள்ள எங்க?”

“தெரிலக்கா.”

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

எவ்வளவு நேரமோ. போன் அடித்தது. ஒரு பெண்மணி, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையிலிருந்து. “ஏங்க, உங்க புள்ள இங்க தொண்டைக்குக் காட்ட டோக்கன் வாங்கிக்கினு என் பக்கத்துல குந்திகினு கீறான். நெட்ல போட்டுட்டு ஊரையே அலற வுட்றீங்களே, வூட்ல சண்டையா?” கச்சேரிக்கு முந்தின நாள் குரல் கட்டிக்கொண்டது. யாரிடமும் சொல்ல பயந்து, விடியற்காலையில் வரிசைக்குப் போயிருக்கிறான். ஆக, என் விளம்பரம் வேலை செய்தது. அக்காவிடம் போனைக் கொடுத்தேன். அந்தப் பக்கம் காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் பையன் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தான். ஆனால் தேடப் போனவர்கள் திரும்பவில்லை. அலை முறிகிற சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. காணாமல் போனவன் கரையில் நின்று, தன்னைத் தேடப் போன அப்பாவைத் தேடினான். கூப்பிடக்கூடக் குரல் இல்லை. மீன்களுக்கு விளம்பரம் என்று சிரித்தேனே, அது கடலுக்குள் நான் நினைத்ததைவிட வெகுதூரம் போயிருந்தது. அப்போதும் எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள். கச்சேரிக்காகப் பையன் முகத்தைப் பெரிதாகப் போட்டு அடித்த பேனர் அவர்கள் வீட்டில் இருந்தது. “அத்த ரெண்டு மூங்கில்ல கட்டித் தூக்கிப் புடிச்சா படகுலருந்து தெரியும்க்கா” என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “புத்தி கீதா உனக்கு? அம்மாம் தூரத்துலருந்து புள்ள மூஞ்சிய போர்டுல பாத்தா அந்தாளு இன்னான்னு நெனப்பான்? அஞ்சலின்னு நெனச்சி அங்கியே வுயுந்துடுவான்.” பிறகு மகனிடம், “நீ ஏறுடா. சட்டையக் கயட்டி ஆட்டு” என்றார்.

அவன் கரையில் கிடந்த ஒரு படகின் மூக்கில் ஏறி நின்று நீலச் சட்டையை ஆட்டினான். இரண்டு மணிவாக்கில் ஒரு படகு தெரிந்தது. பிறகு இரண்டு. வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், படகை இழுத்தார்கள். ஐந்து வந்தன. ஆறாவது வரவில்லை. அவன் கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டான். இறங்கவில்லை. அக்கா கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. வேண்டிக்கொண்டவற்றில், இனி ஆயுளுக்கும் நகைச்சுவை பேசமாட்டேன் என்பதும் ஒன்று. அதை மட்டும் காப்பாற்றவில்லை.

ஆறாவது படகு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பையனின் அப்பா இறங்கினார். மகன் தலையில் கையை வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்து, எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டும்போது நின்றார். உப்பு படிந்து அவர் கண் சிவந்திருந்தது.

“ஒசரம் தப்பா போட்டுக்கீற. அவன் அஞ்சடி நாலு.”

அவ்வளவுதான். நடந்து போய்விட்டார்.

கச்சேரி அந்த ஞாயிறு நடக்கவில்லை. பிறகு கல்லூரியில் நடந்தது, என் விளம்பரம் இல்லாமல். நான் போட்ட படத்தை அன்றே நீக்கிவிட்டேன். மூன்று நாள் கழித்து அக்கா யாருடைய செல்லையோ கொண்டு வந்தார். “எட்த்துட்டியா?” “எட்த்துட்டேன்க்கா.” “இதோ கீதே.” குழுக்களில் போனதை யார் திரும்பப் பிடிப்பது? அதற்குப் பிறகு யாராவது அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினால், மறுநாள் என் கடைப்படியில் நின்று அதே கேள்வி. வருடக்கணக்கில் அதே பதில்.

பையன் இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். முன்நெற்றி ஏறிவிட்டது. பாடுவதை விடவில்லை. போன வாரம் படம் வந்ததும், செய்தவனே நான்தான் என்று தெரிந்தும், அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். “இங்கதான் கீறேன் அண்ணாத்த. அம்மா உனக்கு முன்னயே பேசிட்டாங்கோ.”

மறுநாள் காலை அக்கா செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வந்துச்சா உனக்கு?”

“வந்துச்சுக்கா.”

எட்த்துட்டியா என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“பேசிட்டியா?” என்றார்.