பழுகாமத்துக்குப் போய்க் கொடுத்த சான்றிதழ்

இலத்திரன் கையொப்பச் சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்றின் மட்டக்களப்புக் கிளையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கணினியில் வைக்கும் கையொப்பம் இன்னாருடையதுதான் என்று உறுதி சொல்வது அந்தச் சான்றிதழ். எங்களுக்கு உரிமம் தந்த சபை இரண்டு விடயங்களில் கண்டிப்பாக இருந்தது. ஆளை நேரில் பார்க்காமல் சான்றிதழ் கொடுக்கக்கூடாது. அதன் இரகசிய இலக்கம் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

ஒரு மாரிகாலக் காலையில் பழுகாமத்திலிருந்து நாற்பது வயதளவில் ஒருவர் வந்தார். அவர்களுடைய அரிசி ஆலை தகப்பனின் பெயரில் இருந்தது. அரசாங்கத்துக்கு அரிசி வழங்க விலை எழுதிக் கேள்விப்பத்திரம் அனுப்புவதும் அவர் பெயரில்தான். தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விளங்காமல் போய்விட்டது.

“அப்பாக்குப் பேனை பிடிக்க ஏலாது மிஸ். கேள்விப்பத்திரத்த இப்ப கணினியிலதான் அனுப்பச் சொல்றாங்க. அவர்ர அடையாள அட்டை கொண்டந்திரிக்கன். சான்றிதழ என்னட்டத் தாங்க.”

“அவர நான் பாக்கணும் தம்பி.”

“படுக்கையில கிடக்கிறவர எப்பிடிக் கொண்டாற?”

“அப்ப நான் வாறன்.”

தகப்பனுக்குத் தெரியாமல் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒருவர் முன்பு வந்திருந்தார்.

அடுத்த நாள் மடிக்கணினியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் புறப்பட்டேன். தேற்றாத்தீவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றுவிட்டு, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தேன்.

பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். நாக்குக் குழறியது, அறிவு தெளிவாக இருந்தது. எதற்காகச் சான்றிதழ் என்று கேட்டேன். சரியாகச் சொன்னார். பிறகு மகனை வெளியே போகச் சொன்னேன்.

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. “நாந்தான் அவரக் குளிப்பாட்டுறன், சோறு தீத்துறன். எனக்குத் தெரியாத இரகசியம் என்ன மிஸ்?”

“சட்டம் அப்பிடித் தம்பி.”

வெளியே போய்த் தூவானத்தில் நின்றார். பெரியவர் மடிக்கணினியில் இடக்கை விரலால் தன் இரகசிய இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினார். இரண்டு தரம் பிழைத்தது. அரை மணித்தியாலம் எடுத்தது.

அடுத்த மாரி வருமுன் ஒரு காலையில் மகன் தொலைபேசியில் பேசினார். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

“மிஸ், அப்பா விடியக்குள்ள மோசம் போயிட்டாரு. அந்தச் சான்றிதழ நிப்பாட்டிருங்க.” பறைச் சத்தத்திலிருந்து தள்ளிப் போய்ப் பேசினார். “அந்த இலக்கம் எனக்குத் தெரியும். போன மாசம் அவருக்கு விரல் நடுங்கினது. அவர் சொல்லச் சொல்ல நாந்தான் அழுத்தின.”

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“அதையும் நான் எழுதணும் தம்பி.”

“எழுதுங்க மிஸ்.”

அப்போதே சான்றிதழை இரத்துச் செய்தேன். காரணம் என்ற இடத்தில் மரணம் என்று எழுதி, கீழே மற்றதையும் எழுதினேன். சபை விசாரித்தது. அவர் நகரத்துக்கு வந்து, என்னிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னார். அவர் இலக்கம் அழுத்தி அனுப்பிய கேள்விப்பத்திரத்தை நிராகரித்தார்கள்.

ஆலை பிறகு அவர் பெயருக்கு மாறியது. சான்றிதழுக்கு அவர் எங்களிடம் வரவில்லை. வேறு நிறுவனத்தில் எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. போயிருக்கலாம்.