கோதாரியும் கிரேக்கமும்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த பிளாட்டில் தண்ணீர் நின்றாலும் கோதாரி, கரண்ட் போனாலும் கோதாரி, பொலிஸ் வந்து கதவைத் தட்டினாலும் கோதாரி. அம்மாவுக்கு வேறு சொல் வாயில் வராது. அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், சும்மா இருப்பாரா? "கோதாரி எண்டா வாந்திபேதி. கொலரா. தண்ணி வராததுக்கு அந்தப் பேர் பொருந்தாது" என்று திருத்துவார். வெறும் வாளியோடு நிற்கிற மனுசியிடம் சொல்லுகிற கதையா இது? இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து எனக்குத்தான் தலை வெடிக்கும்.

ஒருநாள் காலை அம்மா பொறுமை இழந்து, "நீங்களும் உங்கட விளக்கமும் கோதாரியிலை போக!" என்று கத்திவிட்டார். மத்தியானம் அப்பாவுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. பின்னேரம் எழும்ப முடியாமல், கண்கள் குழிவிழுந்து கிடந்தார். ஆள் தப்பமாட்டாரோ என்று பயந்துபோனேன்.

அம்மாவும் நானும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால், பாலத்தடி செக்பொயின்றில் மறித்தார்கள். அடையாள அட்டை எங்கே, எப்போது கொழும்புக்கு வந்தீர்கள், பொலிஸில் பதிந்தீர்களா? அப்பா என் தோளில் சரிந்து கிடக்கிறார், ஆமிக்காரன் அவசரமே இல்லாமல் ஆறுதலாக விசாரிக்கிறான். என்ன வருத்தம் என்று கேட்டபோது எரிச்சல் தாங்காமல் "கொலரா" என்றேன். சட்டென்று பின்னுக்குப் போய், போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இவ்வளவு காலமும் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தோமே, இந்த ஒரு சொல் போதுமென்று தெரியாமல்! அம்மா என் வாயைப் பொத்தினார். "அந்தப் பேரைச் சொல்லாதை, பிள்ளை." விடிந்தால் பொழுதுபட்டால் கோதாரி என்கிறவர் எனக்குச் சொல்லுகிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். கொலரா இல்லை, சாப்பாடு பழுதாகியிருக்கும் என்றார் டொக்டர். அடுத்த நாள் அப்பாவுக்குக் குரல் வந்தது. வந்ததும் என்ன செய்தார்? விளக்கம்! "கொலரா கிரேக்கச் சொல், பிள்ளை. பித்தத்திலை இருந்து வந்தது. கோவம் வாறதும் பித்தத்தாலைதான் எண்டு அந்தக் காலத்து ஆக்கள்..." சேலைன் போத்தலைக் கழற்றி எறிந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

கால்மாட்டில் நின்ற அம்மா மெல்லக் கேட்டார்: "அப்ப, என்ர கோவத்தாலைதான் உங்களுக்கு இது வந்ததோ?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அழுதழுது அது வீங்கியிருந்தது. வாழ்நாளில் ஒரு சொல்லைக்கூடப் பிழையாக விட்டறியாத மனிதர் சொன்னார்:

"சீச்சீ, அதெல்லாம் ஆரோ பிழையா எழுதிவைச்சது. கண்டறியாத கிரேக்கம்!"